வணக்கம் கணக்கில் வராது

வணக்கம் சொல்லட்டும், சொன்னதும் அமுக்குவோம் என்று கட்டைவிரலைப் பொத்தான்மேல் வைத்துக்கொண்டுதான் இருந்தேன். பத்தொன்பது வருஷமாக அதே விரல், அதே ஸ்டாப்வாட்ச். மற்ற நாளெல்லாம் விளையாட்டு அறை பீரோவில் வாலிபால் பம்புக்குப் பக்கத்தில் கிடக்கும். தமிழ் மன்றத்து விவாதப் போட்டி அன்றைக்கு மட்டும் முந்தானையால் துடைத்து மேடைக்குக் கொண்டுவருவேன். "கிருபா டீச்சர், உங்க வாட்ச் வரணும்" என்றுதான் கூப்பிடுவார்கள், நான் வரணும் என்று ஒருத்தரும் சொன்னதில்லை, வாட்சுக்குத் துணையாக நான் வருகிறேன். பி.டி. டீச்சருக்கும் தமிழுக்கும் என்ன சம்பந்தம் என்று நினைப்பார்கள், நினைக்கட்டும், வருஷத்தில் இந்த ஒரு மத்தியானத்துக்காக நான் எப்படிக் காத்திருப்பேன் என்று எனக்குத்தான் தெரியும். விதி இதுதான்: வணக்கம் கணக்கில் வராது. நடுவர் அவர்களே, ஒட்டிப் பேச வந்த நண்பர்களே, வெட்டிப் பேச வந்த தோழிகளே, எல்லோருக்கும் வணக்கம் என்று முடியும்வரை கடிகாரம் சும்மா இருக்கும், அந்த 'ம்' விழுந்ததும் நான் அமுக்குவேன். நம் பிள்ளைகளை வணக்கம் சொல்லாதே என்று தடுக்க முடியாது, அதற்கு நேரத்தைப் பிடுங்கவும் மனசு வராது, யாரோ நல்ல மனசுக்காரர் போட்ட விதி. பிறகு ஒரு பையன் மூச்சு வாங்குவதற்காக மைக் கட்டியவருக்கும் மின்விசிறிக்கும் சேர்த்து வணக்கம் வைத்ததால் பதினைந்து விநாடிக்குமேல் வணக்கம் கூடாது என்று இன்னொரு விதி வந்தது, அது வேறு கதை. இன்றைய தலைப்பு, வீட்டுப்பாடம் வேண்டும் என்பது. இப்போது வெட்டி அணியின் கடைசிப் பேச்சு. மாநகராட்சிப் பள்ளியின் இசக்கிபிரியா எழுந்து வந்தாள். எண்ணெய் வைத்து இறுக்கிய இரட்டைப் பின்னல், அளவு பெரிய சீருடை, கையில் துண்டுச்சீட்டுகூட இல்லை. அவளுக்கு முன் பேசிய பையன், ஒட்டி அணித் தலைவன் ஆல்வின், "வீட்டுப்பாடம் வேண்டாம் என்பவர்கள் வெறும் சோம்பேறிகள்" என்று முடித்துக் கைத்தட்டு வாங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். இவள் மைக்கைச் சரிசெய்யவில்லை, தொண்டையைச் செருமவில்லை, அவனைப் பார்த்தாள், "இல்லை" என்றாள். "எங்கள் வீட்டில் மேசை இல்லை." சொல்லிவிட்டு நின்றாள். பேசாமல் நின்றாள். முந்நூறு பேர் இருக்கிற அரங்கில் பின்வரிசையில் டப்பா மூடுகிற சத்தம் கேட்டது. "ஒரே அறை. அம்மா பீடி சுற்றுவார், தம்பி தூங்குவான், அப்பா டிவி பார்ப்பார். கணக்கு நோட்டை நான் தண்ணீர்க்குடத்தின் மூடியில் வைத்துத்தான் எழுதுகிறேன். சோம்பேறி என்று என்னை வகுப்புக்கு வெளியே நிறுத்திய ஆசிரியருக்கு அந்தக் குடத்தைத் தெரியாது. வீட்டுப்பாடம் என்கிறீர்களே, பாடம் எல்லோருக்கும் ஒன்று. வீடு ஒன்றா?" அரங்கு படபடவென்று தட்டத் தொடங்கியது, நானும் தட்டப் போனேன், கையில் வாட்ச் இருந்தது, குனிந்து பார்த்தேன், எல்லாம் பூஜ்யமாக இருந்தது.

அமுக்கிவிட்டேன், அது என்னவோ உடனே அமுக்கிவிட்டேன், 'ஒன்றா' என்ற சொல் விழுந்த கையோடு, முதல் கைத்தட்டிலேயே, ஆனால் அதற்கு முன்னால் போனது எங்கே போயிற்று, யாரிடம் கேட்பேன். வணக்கம் சொல்லாதவர்க்கு முதல் சொல்லிலிருந்தே நேரம் தொடங்கும் என்று விதிப்புத்தகத்தில் நாலாவது பக்கத்தில் இருக்கிறது, படித்திருக்கிறேன், வணக்கம் சொல்லாத பிள்ளை ஒன்றைப் பார்த்ததில்லை, அதனால் விரலுக்கு அது தெரியவில்லை. 'இல்லை' என்பதில் அமுக்கியிருக்க வேண்டும். தடகளத்தில் துப்பாக்கிச் சத்தத்தைக் கேட்டு அமுக்காதே, புகையைப் பார்த்து அமுக்கு என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறவள் நான், இங்கே புகையைப் பார்த்து வாயைப் பிளந்துகொண்டு உட்கார்ந்துவிட்டேன். எத்தனை விநாடி? சுவரில் ஒரு கடிகாரம் இருக்கிறது, விநாடி முள் கழன்று மூன்று வருஷமாயிற்று. செல்போன் ஒன்றும் உள்ளே கிடையாது, போன வருஷம் ஒரு டீச்சர் போனைப் பார்த்துப் பிள்ளைக்குக் கைச்சாடை காட்டினார் என்று சண்டை வந்ததிலிருந்து எல்லோர் போனும் வாசலில் ஒரு பிளாஸ்டிக் டப்பில் கிடக்கிறது, டீச்சர்மார் உட்பட. போட்டியாளர் கையிலும் வாட்ச் கூடாது. இந்த அரங்கில் நேரம் என்று ஒன்று இருந்தால் அது என் கைக்குள் மட்டும்தான், நானும் அதைத் தொலைத்துவிட்டேன். நிதானமாக இரு கிருபா. அவள் சொன்னதை மனசுக்குள் ஓட்டிப் பார், ஆயிரத்து ஒன்று, ஆயிரத்து இரண்டு, மைதானத்தில் எண்ணுகிற மாதிரி எண்ணு. எண்ணினேன், குடத்துக்கு மூடி போட்டு, ஆசிரியரைத் தாண்டி, வீடு ஒன்றா வரைக்கும், இருபத்திரண்டு. இன்னொரு தரம் எண்ணினேன், இருபத்தேழு. இடையில் அவள் வேறு பேசிக்கொண்டே போகிறாள், ஒரு காதில் பழசு, ஒரு காதில் புதுசு. முதல் நிமிஷம் முடிந்ததும் மேசையை ஒரு தட்டுத் தட்ட வேண்டும், அதற்குப் பிறகுதான் எதிரணி இடைக்கேள்வி கேட்கலாம், கடைசி நிமிஷத்தில் மறுபடி கூடாது. முதல் நிமிஷம் பேசுகிறவர் கால் ஊன்றிக்கொள்ள, கடைசி நிமிஷம் அவர் முடித்துக்கொள்ள, நடுவில் யாரும் வந்து மோதலாம், எவ்வளவு அழகான ஏற்பாடு, வீடுகளில்கூட இப்படி ஒரு மணி இருந்தால் எத்தனை புருஷன் பெண்டாட்டி பிழைப்பார்கள். இருபத்திரண்டு என்றே வைத்துக்கொள்வோம் என்று வாட்ச் முப்பத்தெட்டைக் காட்டும்போது தட்டினேன். தட்டக் காத்திருந்த மாதிரி ஆல்வின் எழுந்து கை நீட்டினான். இடைக்கேள்வியை ஏற்கலாம், மறுக்கலாம், அது பேசுகிறவர் இஷ்டம், மறுப்பதுதான் பத்திரம், நேரம் அவளுடையதில்தானே கழியும். அவள் "கேளுங்கள்" என்றாள். "மேசை கொடுத்துவிட்டால் வீட்டுப்பாடத்தை ஏற்பீர்களா?" என்றான், கெட்டிக்காரப் பையன். "கொடுங்கள் நண்பரே. அதைப் போட இடமும் சேர்த்துக் கொடுங்கள்" என்றாள், மூன்று விநாடிகூட ஆகவில்லை, அரங்கு சிரித்தது, அவனும் சிரித்துவிட்டான். பெற்ற வயிற்றில் பால் வார்க்கிறவள், யார் வீட்டுப் பிள்ளையோ.

யாரும் கவனிக்கவில்லை. அதுதான் பயம். நடுவர் குனிந்து குறிப்பெழுதுகிறார், தமிழ் டீச்சர்மார் தலையாட்டுகிறார்கள், நான் வாட்சைப் பார்த்தபடி உட்கார்ந்திருக்கிறேன், வெளியிலிருந்து பார்த்தால் எல்லாம் ஒழுங்கு. இருபத்திரண்டா, இருபத்தேழா. நாலு நிமிஷம் பேச்சு, மூன்றாவது நிமிஷத்தில் ஒரு மணி, நாலில் இரண்டு மணி, அதற்குமேல் பதினைந்து விநாடி சலுகை, அதில் மூன்றாவது மணி, அதையும் தாண்டினால் இரண்டு மதிப்பெண் வெட்டு. கலெக்டர் பிள்ளைக்கும் நாலு நிமிஷம், பீடி சுற்றுகிற அம்மாவின் பிள்ளைக்கும் நாலு நிமிஷம், ஒரு இழை கூடாது குறையாது, இந்த ஊரில் வேறு எதை அப்படிப் பங்கிட்டிருக்கிறோம், ரேஷன் கடையில்கூட இல்லை, அதனால்தான் இந்த விளையாட்டு எனக்குப் பிடிக்கும், அதைத்தான் இன்றைக்கு நானே கெடுத்தேன். கூடக் கிடைத்தால் அவளுக்கு நல்லதுதானே, யாருக்கு நஷ்டம், என்று ஒரு குரல். அந்தக் குரலை எனக்குத் தெரியும். எனக்கு அப்போது பதினேழு வயது, மாவட்டப் போட்டி, எண்ணூறு மீட்டர், மாநிலத்துக்கு இரண்டு பேர்தான் போகலாம். ஆள் அதிகம் என்று இரண்டு பிரிவாக ஓடவிட்டு நேரத்தைப் பார்த்து எடுத்தார்கள். முதல் பிரிவில் தங்கபுஷ்பம் என்று ஒரு பிள்ளை, கறுப்பாக, ஒல்லியாக, வெறுங்காலில், இரண்டு நிமிஷம் முப்பத்தெட்டு. நான் இரண்டாவது பிரிவு. அந்த மண்ணில் ஒருநாளும் நான் இரண்டு நாற்பத்தொன்றுக்குக் கீழே ஓடியதில்லை, அன்றைக்கும் ஓடவில்லை, காலுக்குத் தெரியாதா, கடைசி வளைவில் செத்துப்போனேன், ஆனால் வாட்ச் பிடித்தவர் "இரண்டு முப்பத்தாறு" என்றார். துப்பாக்கி வெடித்தபோது அவர் பக்கத்தில் நின்றவரிடம் சுண்ணாம்பு கேட்டுக்கொண்டிருந்ததை நான் கோட்டில் குனிந்தபடி பார்த்தேன். நான் வாயைத் திறக்கவில்லை. முதலில் வந்த வேறொருத்தியோடு, தங்கபுஷ்பத்தின் இடத்தில் நான் மாநிலத்துக்குப் போனேன், ஏழாவதாக வந்தேன், சர்டிபிகேட் கிடைத்தது, அதை வைத்து உடற்கல்விக் கல்லூரி, அதை வைத்து இந்த வேலை, இந்தச் சேலை, இந்த நாற்காலி. தங்கபுஷ்பம் என்னவானாள் என்று எனக்குத் தெரியாது, விசாரிக்கவும் இல்லை, விசாரிக்கப் பயம். அவளுக்குச் செய்தது ஒரு பக்கம் இருக்கட்டும், எனக்கு நடந்தது ஒன்று உண்டு, அதற்குப் பிறகு நான் ஓடிய எந்த ஓட்டத்தையும் நானே நம்பவில்லை. பதக்கம் வாங்கினால்கூட எவன் வெற்றிலை போட்டானோ என்றுதான் தோன்றும். இனாமாக வந்த அஞ்சு விநாடி, முப்பத்தஞ்சு வருஷமாக உள்ளே உட்கார்ந்து தின்கிறது.

மூன்றாவது நிமிஷத்துக்கு ஒரு மணி அடித்தேன், அதாவது என் இருபத்திரண்டின்படி. மணி சத்தத்துக்கு எல்லாப் பிள்ளையும் ஒரு தரம் துள்ளும், கண் மேசைக்கு வரும், பேச்சு ஓட்டமெடுக்கும், ஆறு பாயிண்டை ஒரே மூச்சில் அள்ளிக் கொட்டும். இவள் திரும்பவே இல்லை. குரலைக் குறைத்தாள். வகுப்பிலேயே செய்து முடிக்க ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள், மேசை அங்கே இருக்கிறது, விளக்கு அங்கே இருக்கிறது, சந்தேகம் கேட்க ஆசிரியர் அங்கே இருக்கிறார், அப்போதும் நான் எழுதவில்லை என்றால் சோம்பேறி என்று சொல்லுங்கள், தலைகுனிந்து ஏற்கிறேன், என்று ஒவ்வொன்றாக, ஈர உடுப்பைப் பிழிந்து கொடியில் போடுகிற மாதிரி அவசரமில்லாமல் போட்டாள். எனக்கு வேர்த்தது. சீக்கிரம் முடி பிள்ள, நாலுக்குள் முடித்துவிடு, முடித்துவிட்டால் இருபத்திரண்டா இருபத்தேழா என்ற கேள்வியே வராது, என் பாவமும் தீரும். இரண்டு மணி அடித்தேன், அவள் முடிக்கவில்லை. "எதிரணி நண்பர்களிடம் எனக்குக் கோபம் இல்லை" என்று ஆரம்பிக்கிறாள், ஐயோ இப்போது போய் ஆரம்பிக்கிறாளே, "அவர்கள் வீட்டு மேசை அவர்கள் குற்றம் இல்லை. அது எல்லோரிடமும் இருப்பதாக நினைத்ததுதான் குற்றம். நன்றி." நன்றி கணக்கில் வரும், நிறுத்தினேன். வாட்சில் மூன்று நிமிஷம் ஐம்பது. என் இருபத்திரண்டைக் கூட்டினால் நாலு பன்னிரண்டு, பிழைத்தாள். இருபத்தேழைக் கூட்டினால் நாலு பதினேழு, மாட்டினாள். தொலைந்த நேரம் இருபத்தைந்து விநாடிக்குள் இருந்தால் தப்பு இல்லை, அதைத் தாண்டினால் இரண்டு மதிப்பெண் போயிற்று. எழுதுகிறவள் நான். நேரச்சீட்டில் நாலு பன்னிரண்டு என்று எழுதினேன், கையெழுத்துப் போடாமல் எடுத்துக்கொண்டு நடுவர் மேசைக்குப் போனேன், பத்தடி தூரம்.

நடுவர் சங்கரவடிவு அம்மா, கல்லூரியில் தமிழ்ப் பேராசிரியை, வெற்றுத் தாளை வைத்து மதிப்பெண்ணை மறைத்துக் கூட்டிக்கொண்டிருந்தார். தாள் நகர்ந்திருந்தது. பார்க்கக் கூடாது, பார்த்தேன். ஒட்டி இருநூற்றுப் பத்து, வெட்டி இருநூற்றுப் பதினொன்று. மாநகராட்சிப் பள்ளி இந்தச் சுழற்கோப்பையைத் தொட்டதே கிடையாது, ஜெயிக்கிற அணி மாநிலப் போட்டிக்குப் போகும், எல்லாம் அந்த ஒன்றில் இருந்தது. "என்ன டீச்சர், சீட்டைத் தாங்க, முடிச்சுருவோம்" என்றார். கொடுத்துவிடு என்றது குரல். கொடுத்துவிட்டால் இன்றைக்கு அவள் ஜெயிப்பாள், ஆனால் ஜெயித்தது அவளா என் விரலா என்று அவளுக்குத் தெரியாமலே போகும், எனக்கு மட்டும் தெரியும், இன்னொரு முப்பத்தஞ்சு வருஷம்.

"மேடம், நான் வாட்சை அமுக்க மறந்துட்டேன்" என்றேன். "அவ வணக்கம் சொல்லல. சொல்லுவா சொல்லுவான்னு இருந்துட்டேன். 'வீடு ஒன்றா'ன்னு கேட்டப்பதான் அமுக்கினேன். அதுக்கு முன்னால எவ்வளவுன்னு தெரியாது."

அவர் கண்ணாடியைக் கழற்றினார். "உத்தேசமா?"

"இருபத்திரண்டும் வருது, இருபத்தேழும் வருது."

"மூணாவது மணி நீங்க அடிக்கலையே. அவ மேல என்ன தப்பு?"

"மணி ஞாபகப்படுத்த மட்டும்தான், நேரம் பேசுறவங்க பொறுப்புன்னு விதியில இருக்கு மேடம்." சொல்லும்போதே என் நாக்கை எனக்குப் பிடிக்கவில்லை. அவர் இரண்டு அணித் தலைவர்களையும் கூப்பிட்டார், ஆல்வின் வந்தான், இசக்கிபிரியா வந்தாள், கிட்டத்தில் பார்த்தால் சின்னப் பிள்ளை, உதட்டுக்குமேல் வேர்வை. நான் விஷயத்தைச் சொன்னேன். மதிப்பெண்ணைச் சொல்லவில்லை, இருபத்தைந்தைத் தாண்டினால் இரண்டு போகும் என்பதை மட்டும் சொன்னேன், மறைக்கக் கூடாது. ஆல்வின், "விட்டுருங்க மேடம், எங்களுக்கு ஒண்ணும் இல்ல" என்றான், அவன் அப்படிச் சொன்னது எனக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது.  இசக்கிபிரியா என்னைப் பார்த்து, "அந்த முதல் துண்டை நான் திரும்பச் சொல்லுதேன் டீச்சர், நீங்க வாட்ச் பிடிங்க" என்றாள். எனக்கு மூச்சு வந்தது. எவ்வளவு சுலபமான வழி, எனக்கேன் தோன்றவில்லை, சொல்லட்டும், கொஞ்சம் வேகமாகச் சொல்லட்டும், யார் கேட்கப் போகிறார்கள், நாற்பது சொல், ஒரு ஓட்டம் ஓடினால் பதினெட்டில் வந்துவிடும், மேடைப் படபடப்பில் வேகமாகத்தான் பேசினேன் என்றால் யார் மறுப்பார்கள்.

மைக் இல்லாமல், நடுவர் மேசைக்கு முன்னால், கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றாள். இந்தத் தடவை நான் வாயைப் பிளக்கவில்லை, அவள் உதட்டைப் பார்த்தேன். "இல்லை." அமுக்கினேன். "எங்கள் வீட்டில் மேசை இல்லை." இப்போது சொல், அடுத்ததைச் சொல், 'ஒரே அறை' என்று சொல் பிள்ள. சொல்லவில்லை. நிற்கிறாள். ஆல்வினைப் பார்த்துக்கொண்டு, அங்கே நின்ற அதே நிற்றல், ஒன்று, இங்கே யாருக்காக நிற்கிறாய், கேட்க நாங்கள் மூன்று பேர்தான், இரண்டு, ஓடு பிள்ள ஓடு, கடைசி வளைவு, இங்கே நின்றால் போயிற்று, மூன்று, எண்கள் என் உள்ளங்கையில் தடதடவென்று போகின்றன, அவளுக்கு அது தெரியும், தெரிந்துதான் நிற்கிறாள், நாலு. "ஒரே அறை" என்றாள். அம்மா பீடி சுற்றினார், தம்பி தூங்கினான், அப்பா டிவி பார்த்தார், ஒரு சொல்லையும் அவள் நெருக்கவில்லை, எதையும் விழுங்கவில்லை, தண்ணீர்க்குடத்தின் மூடிக்கு வரும்போது அங்கே போலவே குரல் கொஞ்சம் இறங்கியது. பதினேழு வயதில் என்னால் திறக்க முடியாத வாய் எனக்கு முன்னால் திறந்து, முழுசாக, அளவு குறையாமல் பேசிக்கொண்டிருந்தது, பொறாமையா சந்தோஷமா, எனக்குக் கண் மறைத்தது. "வீடு ஒன்றா?" நிறுத்தினேன்.

"இருபத்தாறு" என்று நான்தான் சத்தமாகச் சொன்னேன். புள்ளி மூன்று என்பதையும் சொன்னேன். சங்கரவடிவு அம்மா தாளை இழுத்து இரண்டைக் கழித்து எழுதினார், இருநூற்று ஒன்பது. ஆல்வின் தரையைப் பார்த்தான். நான் பழைய சீட்டைக் கிழித்து, நாலு நிமிஷம் பதினாறு என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.  இசக்கிபிரியா போகவில்லை, என் பக்கத்தில் வந்து மெதுவாகக் கேட்டாள்: "டீச்சர், மேசை இல்லன்னு சொல்லிட்டுச் சும்மா நின்னேம்லா, அது நல்லா இருந்துச்சா?"

"இருந்துச்சு பிள்ள" என்றேன். "இன்னும் ஒரு விநாடி நின்னிருக்கலாம்."